கல் எடுத்து முடிந்த கடற்கரை: பழைய கல்குவாரியைப் பொழுதுபோக்கு இடமாக மாற்றுவது குறித்த எளிய விளக்கம்

ஒரு கல்குவாரியில் கல் எடுக்கும் வேலை பெரும்பாலும் சில பத்தாண்டுகளில் முடிந்துவிடும். அது விட்டுச்செல்லும் பள்ளமும் செங்குத்துப் பாறைச் சுவரும் பல தலைமுறைகளுக்கு அப்படியே நிற்கும். நல்ல கல் தீர்ந்துபோவதாலோ, எடுக்கும் செலவுக்கு விலை கட்டுப்படியாகாததாலோ, அனுமதிக் காலம் முடிவதாலோ குவாரி மூடப்படும்போது, அந்த நிலத்தை இனி என்ன செய்வது என்ற கேள்வி வருகிறது. மண் கொட்டி நிரப்பலாம், இயற்கையின் போக்கில் விட்டுவிடலாம், நீர்த்தேக்கமாக்கலாம், சமதளமான பகுதியில் வீடுகள் கட்டலாம். கடலை ஒட்டிய குவாரிகளைப் பொறுத்தவரை இன்னொரு வழியும் அடிக்கடி பேசப்படுகிறது. பொதுமக்கள் வந்து நடக்கவும், நீந்தவும், படகு விடவும், பாறை ஏறவும், சில நாட்கள் தங்கிச் செல்லவும் ஏற்ற இடமாக அதை மாற்றுவதே அந்த வழி.

இந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்பதை இத்துறைக்குப் புதியவர்களுக்காக இக்கட்டுரை விளக்குகிறது. இத்தகைய இடத்தில் என்ன அமைக்கலாம் என்பதைப் பெருமளவுக்கு முடிவு செய்வது, கல் எடுத்தவர்கள் விட்டுப்போன பாறையின் நிலையும், பள்ளத்தில் சேர்ந்த நீரின் நிலையும்தான் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே விடுதிகளையும் உல்லாசப் படகுத்துறைகளையும் பற்றிப் பேசுவதற்கு முன், பாறையையும் நீரையும் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

கடலோரத்தில் குவாரிகள் ஏன் வந்தன

கல் எடை மிகுந்த சரக்கு. ரயில் பாதைகளும் நல்ல சாலைகளும் வருவதற்கு முன்பு, அதை மாட்டு வண்டியிலோ குதிரை வண்டியிலோ கொஞ்ச தூரம் கொண்டுபோனாலே வண்டிக்கூலி கல்லின் விலையைத் தாண்டிவிடும். கப்பலில் ஏற்றிவிட்டால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரத்துக்கும் கட்டுப்படியாகும். எனவே நல்ல பாறை கடலுக்கு நேரே வெளித்தெரியும் கரைகளில் குவாரிகள் பெருகின. இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள போர்ட்லாண்டின் சுண்ணாம்புக்கல், லண்டனில் உள்ள புனித பவுல் பேராலயத்துக்குக் கடல்வழியாகவே சென்றது. வேல்ஸ் கரையின் ஸ்லேட் கல்லும், ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளின் கூரைக்கல்லும், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையில் வெட்டப்பட்ட கிரானைட்டும் இதே வழியில்தான் சந்தைக்குப் போயின.

இந்த வரலாற்றின் பயனாக இன்றைக்கும் அங்கே சில வசதிகள் மிஞ்சியிருக்கின்றன. கப்பலில் கல் ஏற்றிய இறங்குதுறை இருக்கும். கல்லை உடைத்துக் குவித்துவைத்த அகன்ற சமதளம் இருக்கும். கடலைப் பார்த்துத் திறந்த காட்சி இருக்கும். குறையும் அதே வரலாற்றிலிருந்தே வருகிறது. எல்லாம் கடல்வழியாகப் போனதால் தரைவழிப் பாதை பல இடங்களில் ஒழுங்காக அமையவே இல்லை. வேல்ஸின் லின் தீபகற்பத்தில் உள்ள நாண்ட் குர்த்தெய்ர்ன் என்ற பழைய கிரானைட் குவாரிக் கிராமத்துக்கு இன்றும் மிகச் செங்குத்தான சாலையில்தான் இறங்க வேண்டும். நூற்றுக்கணக்கான வண்டிகள் ஒரே நாளில் வந்துபோகும் சுற்றுலாவிடமாக ஒரு குவாரியை நினைத்துப் பார்ப்பவர், முதலில் அங்கே போகும் வழியை அளந்து பார்ப்பது நல்லது.

பாறைச் சுவர்

மூடப்பட்ட குவாரிக்குள் நுழைபவரின் கண்ணில் முதலில் படுவது உயர்ந்த பாறைச் சுவர். கல் எடுத்தவர்கள் அதை வெட்டுமுகம் என்பார்கள். ஒரே உயரமாக வெட்டாமல், மேலிருந்து கீழாகப் படிக்கட்டுகளைப் போலப் பல தட்டுகளாக வெட்டியிருப்பார்கள். இயந்திரங்களும் லாரிகளும் அந்தத் தட்டுகளில் நின்றுதான் வேலை செய்தன. கீழே இருப்பது குவாரித் தளம். ஓரங்களில் விற்க முடியாத கல்லையும் மண்ணையும் கொட்டிய கழிவு மேடுகள் இருக்கும்.

கடலோர இயற்கைக் குன்றைப் பார்த்துப் பழகியவர்கள், குவாரிச் சுவரும் அதைப் போன்றதுதான் என்று எண்ணிவிடுகிறார்கள். இரண்டுக்கும் அடிப்படை வேறுபாடு உண்டு. இயற்கைக் குன்றில் தளர்ந்த பாறைகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விழுந்து விழுந்து ஓரளவு உறுதியான பகுதிதான் எஞ்சியிருக்கும். அங்கும் பாறை விழும் என்றாலும், குவாரிச் சுவரோ வெடி வைத்துச் சில ஆண்டுகளில் உருவாக்கப்பட்டது. வெடியின் அதிர்வு, எடுத்த கல்லோடு நின்றுவிடாமல், எஞ்சி நிற்கும் பாறைக்குள்ளும் விரிசல்களை உண்டாக்கியிருக்கும். மேலிருந்த எடை நீங்கியதால் பாறை சற்றே விரிந்து, பழைய பிளவுகளும் வாய் திறந்திருக்கும். அந்தப் பிளவுகளுக்குள் மழைநீர் இறங்கி அழுத்தம் கொடுக்கிறது. கடற்காற்று கொண்டுவரும் உப்பு உள்ளே படிகமாகிப் பாறையைத் துகள்துகளாக உதிர்க்கிறது. குளிர் நாடுகளில் நீர் உறைந்து பிளவை அகலமாக்குகிறது. செடிகளின் வேர் மீதி வேலையைச் செய்கிறது. குவாரி மூடிப் பல ஆண்டுகள் கழிந்த பின்பும் சுவர் தன் நிலைக்கு வந்துகொண்டேதான் இருக்கும்.

ஆகவே முதல் வேலை நிலவியலாளருடையது. பாறையில் ஓடும் பிளவுகள் எந்தத் திசையில், எவ்வளவு சாய்வாக இறங்குகின்றன என்பதை அவர் அளப்பார். சுவருக்குள் நோக்கிச் சாயும் பிளவு அவ்வளவாக அச்சம் தருவதில்லை. பள்ளத்தை நோக்கிச் சாயும் பிளவுதான் ஆபத்து, ஏனென்றால் அதன் மேல் இருக்கும் பாறை முழுவதும் சறுக்கி வர ஒரு தளம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. இப்போது ட்ரோன் மூலமும் லேசர் கருவி மூலமும் சுவரின் முப்பரிமாண உருவத்தை எடுத்து, சில மாதங்கள் இடைவெளியில் மறுபடியும் எடுத்து ஒப்பிட்டு, எங்கே எவ்வளவு பாறை விழுந்திருக்கிறது என்பதைக் கண்டறிகிறார்கள். ஒரு முறை மட்டும் பார்த்து எழுதிய அறிக்கையைவிட இப்படி ஓராண்டாவது தொடர்ந்து கவனித்த அறிக்கையே நம்பத்தக்கது.

பரிகாரங்கள் பலவகை. தளர்ந்த கற்களை மேலிருந்து கயிற்றில் தொங்கியபடி நெம்பித் தள்ளிவிடுவது எளிய முறை. பெரிய பாறைத் துண்டுகளைத் துளையிட்டு நீண்ட எஃகுக் கம்பிகளால் உள்ளிருக்கும் உறுதியான பாறையோடு பிணைப்பதும், சிறு கற்கள் உதிரும் பரப்பில் கம்பிவலை போர்த்துவதும், உள்ளே தேங்கும் நீர் வெளியேறத் துளைகள் இடுவதும் அடுத்த நிலை. சில இடங்களில் சுவரைக் கணக்கிட்டு மறுபடியும் வெடி வைத்துச் சரித்து, மலையடிவாரங்களில் காண்பது போன்ற கற்சரிவாக மாற்றிவிடுகிறார்கள்; அந்தச் சரிவில் செடிகள் வேர்பிடிக்க இடம் கிடைக்கிறது. இவை எல்லாவற்றையும்விட மலிவானதும் நம்பகமானதும், மனிதர்களைச் சுவரிலிருந்து தள்ளி வைப்பதுதான். சுவரடியில் ஒரு பள்ளமும் அதற்கு முன்னால் ஒரு மண்மேடும் அமைத்தால் விழும் கல் பள்ளத்திலேயே தங்கிவிடும். நடைபாதையும் இருக்கைகளும் மேட்டுக்கு இப்பால்தான் வர வேண்டும். சுவரை ஒட்டியே உணவகம் கட்டினால் காட்சி அழகாக இருக்கும் என்று வரைபடத்தில் தோன்றலாம். அந்த ஒரு வரைவு பல ஆண்டுப் பராமரிப்புச் செலவைக் கூடவே இழுத்துவரும்.

உப்பைப் பற்றி இன்னும் ஒரு சொல். கடலோரத்தில் பாறையில் பதிக்கும் எந்த உலோகமும் உள்நாட்டில் இருப்பதைவிட விரைவில் கெடும். துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் பெற்றதிலும் உப்பின் தாக்கத்தால், வெளியே அதிகம் தெரியாமலேயே, விரிசல்கள் உள்ளே ஓடிவிடும். தாய்லாந்தின் ரெய்லே கடற்கரைச் சுண்ணாம்புக் குன்றுகளில் பாறை ஏறுபவர்களுக்கான எஃகு ஆணிகள் இப்படி முறிந்துபோனதால், அங்கே டைட்டானியம் ஆணிகளைப் பதிக்கத் தொடங்கினார்கள். குவாரிச் சுவரில் பாறையேற்றத்தையோ கம்பிவழிச் சறுக்கலையோ திட்டமிடுபவர், ஆணியின் ஆயுளையும் அதைச் சோதிக்கும் இடைவெளியையும் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்க்க வேண்டும்.

பாறை தரும் எச்சரிக்கைக்கு இங்கிலாந்தின் டோர்செட் கரையில் ஒரு பழைய சான்று உண்டு. அங்குள்ள டில்லி விம் குகைகள் உண்மையில் கடற்பாறைக்குள் குடைந்து கல் எடுத்த சுரங்கங்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல் எடுப்பது நின்றது. 1887இல் அவை சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டன. பாறை விழும் அபாயத்தால் 1976இல் பொதுமக்களுக்கு மூடப்பட்டன. இன்று அவை வௌவால்களின் இருப்பிடம். மக்கள் வெளியிலிருந்து பார்க்கிறார்கள்.

பள்ளத்தில் சேரும் நீர்

வேலை நடக்கும் காலத்தில் குவாரித் தளத்தை உலர்வாக வைத்திருந்தவை பம்புகள். அவை நின்றதும் மழைநீரும் நிலத்தடி நீரும் மெல்ல நிறைகின்றன. கடல்மட்டத்துக்குக் கீழே தோண்டியிருந்தால் பிளவுகள் வழியே கடல்நீரும் கசிந்து வரும். சில இடங்களில் கடல் அனுமதி கேட்காமலே நுழைந்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் ஈஸ்டேல் தீவில் கடல்மட்டத்துக்கு மிகக் கீழே வரை தோண்டப்பட்டிருந்த ஸ்லேட் குவாரிகளை 1881இல் வந்த பெரும்புயல் மூழ்கடித்தது. அந்தத் தொழில் பின்னர் பழைய நிலைக்கு மீளவில்லை. நீர் நிறைந்த அதே குவாரிகளில் ஒன்றில்தான் இன்று ஆண்டுதோறும் தட்டைக் கல்லை நீர்ப்பரப்பில் துள்ளவிடும் உலகப் போட்டி நடக்கிறது. பெரிய கட்டுமானம் எதுவும் இல்லாமல், இருக்கும் நீரையும் இருக்கும் ஸ்லேட் சில்லுகளையும் வைத்தே ஒரு சிறு தீவு மக்களைத் தன்னிடம் வரவழைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு.

குவாரி ஏரியின் நீர், குளத்து நீரைப் போன்றதன்று. குளத்தின் கரை சாய்ந்து இறங்கும். குவாரியின் கரை முதல் அடியிலேயே பல மீட்டர் ஆழத்துக்கு நேராக இறங்கிவிடும். தவறி விழுந்தவருக்குக் கால் ஊன்ற இடம் இல்லை. ஏறி வரவும் வழி இல்லை. மேற்பரப்பு வெயிலில் வெதுவெதுப்பாக இருக்கும்போதே சில மீட்டர் கீழே நீர் கடுங்குளிராக இருக்கலாம். நீரின் வெப்பம் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும் இடத்தில் திடீரென விழுபவருக்கு மூச்சு தன் கட்டுப்பாட்டை இழந்து திணறும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் குவாரி நீரில் உயிரிழப்பதற்கு இது முக்கியக் காரணம். நீருக்கடியில் விட்டுப்போன இயந்திரங்களும் கம்பிகளும் பாறை விளிம்புகளும் மேலிருந்து கண்ணுக்குத் தெரிவதில்லை.

கடலோர ஏரியில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. கடல்நீர் கனமானது, மழைநீர் இலேசானது. இரண்டும் ஒரே பள்ளத்தில் சேர்ந்தால் கனமான உவர்நீர் அடியில் தங்கி, நன்னீர் மேலே மிதக்கும். காற்று மேல் அடுக்கை மட்டுமே கலக்குவதால், அடி அடுக்குக்கு ஆக்சிஜன் எட்டாமல் போகிறது. இலைகளும் இறந்த பாசியும் அங்கே அழுகி, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு சேர்கிறது. ஒரு பெரும் புயல் வந்து இரண்டு அடுக்குகளையும் கலக்கிவிட்டால், ஒரே நாளில் மீன்கள் செத்து மிதக்கவும், அதைச் சுற்றிக் கட்டிய விடுதி முழுவதும் நாற்றம் பரவவும் கூடும். எனவே ஏரியின் நீரை மேற்பரப்பில் மட்டும் எடுத்துச் சோதிப்பது போதாது. பல ஆழங்களில், எல்லாப் பருவங்களிலும் உப்பின் அளவு, வெப்பம், ஆக்சிஜன், பாசி ஆகியவற்றை அளக்க வேண்டும்.

நீரின் நிறத்தையும் நம்பக் கூடாது. இங்கிலாந்தின் பக்ஸ்டன் நகருக்கு அருகே ஹார்ப்பர் ஹில்லில், கடலோரத்தில் இல்லாத ஒரு பழைய சுண்ணாம்புக்கல் குவாரியில், நீலப் பச்சை நிறத்தில் ஒளிரும் நீரைத் தேடி மக்கள் குளிக்க வந்தார்கள். அந்த நிறத்துக்குக் காரணம் நீரில் மிதக்கும் நுண்ணிய கால்சைட் துகள்கள். நீரோ, சுண்ணாம்பு சுட்ட கழிவுகளால், தோலைப் புண்ணாக்கும் அளவுக்குக் காரத்தன்மை கொண்டிருந்தது. எச்சரிக்கைப் பலகைகள் பயன் தராமல் போக, 2013இல் உள்ளாட்சி நிர்வாகம் அந்த நீருக்குக் கறுப்புச் சாயம் ஊற்றியது.

இவ்வளவையும் அறிந்த பிறகு, ஏரியைக் கடலோடு இணைப்பதா, தனியே வைப்பதா என்ற முடிவு வருகிறது. வேல்ஸின் பெம்ப்ரோக்‌ஷர் கரையில் உள்ள அபெரெய்தியில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்லேட் எடுப்பது நின்ற பின், குவாரிக்கும் கடலுக்கும் இடையே ஒரு வாய்க்கால் வெட்டப்பட்டது. கடல்நீர் உள்ளே புகுந்து, சுமார் 25 மீட்டர் ஆழமுள்ள நீலக் காயல் உருவானது. ஓதம், அதாவது கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம், ஏறி இறங்கும்போது நீர் ஓரளவு மாறிக்கொண்டே இருக்கிறது. இன்று வழிகாட்டிகளுடன் பாறையேறி நீரில் குதிக்கும் விளையாட்டும் சிறு படகோட்டமும் அங்கே நடக்கின்றன. 2012இல் 27 மீட்டர் உயரத்திலிருந்து குதிக்கும் உலகத் தொடரின் ஒரு சுற்றும் நடந்தது. இப்படி இணைத்தால் நீர் தேங்காது. ஆனால் அலையும் மணலும் மாசும் கூடவே உள்ளே வரும், வாய்க்காலின் வாய் தூர்ந்துபோனால் தொடர்ந்து தூர்வார வேண்டும், ஒருமுறை உள்ளே வந்த உப்புநீர் சுற்றியுள்ள கிணறுகளுக்கும் பரவலாம். ஓதத்தின் ஏற்றத்தாழ்வு மிகக் குறைவான கடல்களில் வாய்க்கால் வெட்டினாலும் நீர் போதுமான அளவுக்கு மாறாது.

நீந்த விடாமலிருப்பதும் மதிக்கத்தக்க முடிவே. மாசசூசெட்ஸின் ராக்போர்ட் ஊரில் ஹாலிபட் பாயிண்ட் மாநிலப் பூங்கா ஒரு பழைய கிரானைட் குவாரியைச் சுற்றி அமைந்திருக்கிறது. அங்கே 1929இல் வேலை நின்றது. பள்ளம் நன்னீரால் நிறைந்தது. குவாரிக்குள் நீந்தத் தடை இருக்கிறது. மக்கள் அதன் விளிம்பைச் சுற்றி நடக்கிறார்கள், மறுபுறம் விரியும் அட்லாண்டிக் கடலைப் பார்க்கிறார்கள், கல் வெட்டிய முறையைப் பற்றித் தெரிந்துகொள்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கண்காணிப்புக் கோபுரம் பார்வையாளர் மையத்தோடு சேர்ந்து நிற்கிறது. நீரைத் தொடாமலேயே ஒரு குவாரி மக்களுக்குப் பயன்படும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கடலின் பங்கு

குவாரித் தளம் கடலை நோக்கித் திறந்திருந்தால், அதைக் காத்துவந்த இயற்கைப் பாறை அரண் ஏற்கெனவே வெட்டி எடுக்கப்பட்டுவிட்டது என்று பொருள். புயல் நாட்களில் அலை எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்பதைக் கணக்கிட்டே எதையும் கட்ட வேண்டும். கடல்மட்டமும் உயர்ந்துகொண்டிருக்கிறது. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளின் குழு 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1995 முதல் 2014 வரையிலான சராசரியோடு ஒப்பிட்டால், உலகக் கடல்மட்டம் இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் சுமார் 0.28 மீட்டரிலிருந்து 1.01 மீட்டர் வரை உயர வாய்ப்பு உள்ளது. எவ்வளவு என்பது உலகம் வெளியிடும் வாயுக்களின் அளவைப் பொறுத்தது. ஐம்பது அறுபது ஆண்டுகள் நிற்க வேண்டிய கட்டடத்துக்கு இந்த எண்கள் நேரடிப் பொருள் உடையவை. தங்கும் அறைகளை மேல் தட்டுகளில் வைத்து, கீழ்த்தளத்தை அலை வந்து போனாலும் பெரிதாகக் கெடாத புல்வெளியாகவும் படகு மேடையாகவும் விடுவது அறிவுடைய வழி. பழைய இறங்குதுறையை மறுபடியும் பயன்படுத்துவதற்கு முன் அதன் அடித்தளத்தை முக்குளிப்பாளர்களைக் கொண்டு சோதிப்பது கட்டாயம்.

மண்ணும் உயிர்களும்

குவாரித் தளத்தில் மண் இருக்காது. இதைக் குறையாகக் கருதி லாரி லாரியாக மண் கொட்டுவது பலரின் முதல் எண்ணம். கனடாவின் வான்கூவர் தீவில், கடலின் சிறு கால்வாயான டாட் இன்லெட்டை அடுத்திருந்த சுண்ணாம்புக்கல் குவாரியில் ஜென்னி புச்சார்ட் செய்தது அதுதான். கணவரின் சிமென்ட் ஆலைக்காகக் கல் எடுத்து முடிந்த பள்ளத்துக்கு, சுற்றியுள்ள பண்ணைகளிலிருந்து குதிரை வண்டிகளில் மேல்மண் கொண்டுவந்து, 1921 வாக்கில் தாழ்நிலத் தோட்டம் ஒன்றை அவர் முடித்தார். பாறைச் சுவரின் வெறுமையை மறைக்க, கயிற்றில் கட்டிய பலகையில் தொங்கியபடி அவரே பிளவுகளில் ஐவி கொடிகளைச் செருகினார் என்று சொல்லப்படுகிறது. இன்று ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் பேர் அந்தத் தோட்டத்தைப் பார்க்க வருகிறார்கள். ஆலையின் பழைய புகைபோக்கி இன்னும் நிற்கிறது. இங்கிலாந்தின் கார்ன்வாலில், கடலிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருந்த ஒரு வெண்களிமண் குழியில் 2001இல் திறக்கப்பட்ட ஈடன் திட்டம் என்ற தாவரத் தோட்டத்துக்கு, களிமண் எடுத்த கழிவோடு மட்கிய உரத்தைக் கலந்து சுமார் 85,000 டன் மண்ணை அங்கேயே தயாரித்தார்கள். வெளியிலிருந்து நல்ல மண்ணை எடுத்துவருவது இன்னொரு நிலத்தை வறிதாக்கும் என்பதால், இந்த முறை எனக்கு மேலானதாகத் தோன்றுகிறது.

ஆனால் மண் இல்லாத இடமே சில உயிர்களுக்குத் தேவை. சத்து குறைந்த சுண்ணாம்புப் பரப்பில் முரட்டுப் புற்கள் வளர முடியாததால், சிறு பூச்செடிகளும் அவற்றை நாடும் வண்ணத்துப்பூச்சிகளும் தழைக்கின்றன. போர்ட்லாண்டின் கைவிடப்பட்ட சில குவாரிகள் இன்று வண்ணத்துப்பூச்சிகளுக்காகவே பாதுகாக்கப்படுகின்றன. வல்லூறுகள் உயர்ந்த வெட்டுமுகத்தின் விளிம்புகளில் கூடு கட்டுகின்றன. அபெரெய்தியில் கடல்நாய்கள் இலையுதிர் காலத்தில் குட்டி ஈனும்போது காயலில் விளையாட்டுகள் நிறுத்தப்படுகின்றன. ஆகவே நான்கு பருவங்களிலும் உயிரினக் கணக்கெடுப்பு நடத்திய பின்பே எங்கே பாதை, எங்கே வேலி, எந்த மாதங்களில் எந்தப் பகுதியை மூடுவது என்று முடிவு செய்வது முறை. குவாரி மூடிப் பல ஆண்டுகள் கழித்து வரும் திட்டங்களில் இந்தப் படி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. பாழ்நிலம்தானே என்ற எண்ணம் அதற்குக் காரணம்.

என்ன அமைக்கலாம்

பாறையும் நீரும் உயிர்களும் சொல்ல வேண்டியதைச் சொன்ன பிறகு, பயன்பாடுகளின் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும். செலவு குறைந்தவை நடைபாதை, காட்சி மேடை, குவாரி வரலாற்றை விளக்கும் இடம், கலைவெளி ஆகியவை. போர்ட்லாண்டின் டவுட் குவாரியில் 1983 முதல் சிற்பிகள் வந்து, கிடக்கும் கல்லிலும் நிற்கும் பாறையிலுமே செதுக்கியிருக்கிறார்கள். ஆன்டனி கோர்ம்லி பாறையில் செதுக்கிய தலைகீழாக விழும் மனித உருவமும் அங்கே உண்டு. அதே இடம் இயற்கைக் காப்பிடமாகவும் இருக்கிறது. அடுத்த நிலையில் முகாம்களும், சிறு படகுகளும், மேற்பார்வையுள்ள நீச்சலும் வருகின்றன. டோர்செட்டின் டான்சிங் லெட்ஜ் என்ற பழைய குவாரித் தட்டில் பாறையை வெடித்து உருவாக்கிய சிறு நீச்சல் குளம், ஓதம் ஏறும்போது கடல்நீரால் தானே நிறைந்துகொள்கிறது. பெரிய விடுதியும் உல்லாசப் படகுத்துறையும் கடைசி நிலை. அவற்றுக்குக் குடிநீர், கழிவுநீர், மின்சாரம், தீயணைப்பு, மருத்துவ உதவி எல்லாம் புதிதாக வர வேண்டும்.

ஹாங்காங்கின் லம்மா தீவில் உள்ள பழைய குவாரி இந்தத் தேர்வின் கடினத்தைக் காட்டுகிறது. 1990களின் நடுவில் கல் எடுப்பது நின்று, சரிவுகளில் மரம் நட்டு, செயற்கை ஏரி ஒன்றும் அமைத்து, 2002இல் சீரமைப்பு முடிந்தது. சமதளமும் கடல்முகப்பும் ஏரியும் எல்லாம் தயாராக இருந்தும், அதை என்ன செய்வது என்ற பேச்சு இருபது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. குடியிருப்பும் சுற்றுலாவும் கலந்த திட்டம் ஆராயப்பட்டது. பின்னர் 2024ஆம் ஆண்டின் கொள்கை உரையில் உல்லாசப் படகுகள் நிறுத்தும் இடமாக அது குறிப்பிடப்பட்டது. பாலம் இல்லாத தீவு என்பதால், வருபவர் அனைவரும் படகில்தான் வந்தாக வேண்டும். நிலத்தைச் சீர்செய்வதும் அதற்குப் பயன் கண்டுபிடிப்பதும் வெவ்வேறு காலங்களில் நடந்தால் இடைவெளி எவ்வளவு நீளும் என்பதை இது உணர்த்துகிறது. கல் எடுக்கும் அனுமதியை வழங்கும் நாளிலேயே இறுதிப் பயன் என்னவென்று ஓரளவு தீர்மானித்திருந்தால், கடைசி ஆண்டுகளில் எடுக்கும் கல்லையே பொருத்தமான சரிவும் பொருத்தமான ஆழமும் கிடைக்கும்படி எடுக்கலாம். இயந்திரங்களும் ஆட்களும் அங்கேயே இருப்பதால் செலவும் மிகக் குறையும்.

பணமும் பொறுப்பும்

பல நாடுகளில் குவாரி நடத்துபவர் சீரமைப்புக்காக முன்கூட்டியே பிணைத்தொகை கட்ட வேண்டும். அந்தத் தொகை பெரும்பாலும் நிலத்தைச் சரிவாக்கி, செடி நட்டு, வேலி போடுவதற்குத்தான் போதுமானதாக இருக்கும். சுற்றுலாவிடமாக்கும் செலவுக்கு அது போதாது. மீதியை யார் கொடுப்பது என்பதைவிட முக்கியமான கேள்வி, திறந்த பிறகு பாறையையும் நீரையும் ஆண்டுதோறும் யார் சோதிப்பது, ஏதேனும் நேர்ந்தால் யார் பொறுப்பு என்பது. நிலம் ஒருவரிடமும், ஏரி இன்னொருவரிடமும், கடல்முகப்பு அரசிடமும் இருக்கும்போது இந்தக் கேள்விக்கு எழுத்தில் விடை இல்லாவிட்டால், முதல் விபத்துக்குப் பின் எல்லாரும் விலகிக்கொள்வார்கள்.

அருகில் வாழும் மக்கள் இத்திட்டத்தில் எங்கே நிற்கிறார்கள் என்பதும் இதே கணக்கில் வர வேண்டியது. வெடிச் சத்தத்தையும் தூசியையும் தாங்கியவர்கள் அவர்கள். மூடிய பின் பல ஆண்டுகளாக அந்த இடத்தை மீன் பிடிக்கவும் ஆடு மேய்க்கவும் கடற்கரைக்கு இறங்கவும் பயன்படுத்தியவர்களும் அவர்களே. கடலுக்குப் போகும் பழைய வழி புதிய விடுதியின் மதிலுக்குள் அடைபட்டுப்போனால், எத்தனை பயணிகள் வந்தாலும் அத்திட்டம் அநீதியில் நிற்கிறது என்றே நான் கருதுகிறேன். நாண்ட் குர்த்தெய்ர்ன் கிராமத்தை 1978இல் ஓர் அறக்கட்டளை வாங்கி, இடிந்த குவாரித் தொழிலாளர் வீடுகளைச் சீர்செய்து, 1982இல் வேல்ஸ் மொழி கற்பிக்கும் தங்குமிட மையமாக்கியது. வருபவர்கள் மொழி கற்கிறார்கள், தங்குகிறார்கள், கடலோரம் நடக்கிறார்கள். சுற்றுவட்டாரத்தில் வேலைவாய்ப்பும் மொழியும் ஒருசேர வலுப்பெற வேண்டும் என்பதே அதைத் தொடங்கியவர்களின் நோக்கமாக இருந்தது.

செலவையும் அபாயத்தையும் கட்டுக்குள் வைக்க, எல்லாவற்றையும் ஒரே நாளில் திறக்காமல் பகுதி பகுதியாகத் திறப்பது பயன் தரும். முதலில் விளிம்பு நடைபாதையையும் காட்சி மேடையையும் திறந்து, எத்தனை பேர் எந்த மாதங்களில் வருகிறார்கள், வண்டிகள் எங்கே நிற்கின்றன, யார் எந்த வேலியைத் தாண்டுகிறார்கள் என்று ஓரிரு ஆண்டுகள் கவனிக்கலாம். அதே காலத்தில் நீர் அளவீடுகளும் பாறைக் கண்காணிப்பும் தொடரும். இரண்டிலும் கிடைக்கும் விவரங்களை வைத்து நீர்ப் பகுதியை எந்த அளவுக்கு, எத்தனை உயிர்காப்பாளர்களுடன் திறப்பது என்று முடிவு செய்யலாம். தங்கும் கட்டடங்களுக்கான அடித்தளத்தை அதற்குப் பிறகே தோண்டத் தொடங்குவது பொருத்தம்.